நாங்க எதுக்குப் போகணும்?

அந்த வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். விவாதத்தில் அந்தத் தம்பி மத்திய அரசு தமிழ்நாட்டுக்குத் தரும் நிதிப் பகிர்வைப் பற்றி நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். கையில் கணக்கு இருந்தது, பேச்சில் நியாயம் இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் வேண்டுமென்றே ஒரு சீண்டு சீண்டினார். இவன் கொதித்துப்போய், "இப்படியே பண்ணிட்டிருந்தீங்கன்னா நாங்க தனியாப் போயிடுவோம்" என்று கத்திவிட்டான். முடிந்தது. பேசிய கணக்கெல்லாம் போச்சு, இப்போது ஊரெல்லாம் சுற்றுவது அந்த ஒரு வரி மட்டும்தான்.

தம்பி மேல் கோபம் உண்டு. சீண்டியவர் மேல் அதைவிட அதிகம். ஆனால் அந்த வரியை வெட்டி எடுத்து ஹார்ட்டின் போட்டு, "இனி இதுதான் ஒரே வழி" என்று பகிர்கிற நம் ஆட்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

இந்தியாவை விட்டு நாங்க எதுக்குப் போகணும்? இந்த ஒரு கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

இந்தப் பேச்சு புதிது இல்லை. 1940இல் நீதிக்கட்சியின் திருவாரூர் மாநாட்டிலேயே தனித் திராவிட நாடு கேட்டுத் தீர்மானம் போட்டாயிற்று. 1962இல் அண்ணா மாநிலங்களவையில் எழுந்து நின்று சுயநிர்ணய உரிமை கேட்டார். அதே ஆண்டு சீனப் போர். 1963இல் அரசியல் சாசனத்தின் 16ஆவது திருத்தம் வந்தது, தேர்தலில் நிற்கிறவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்றானது. அந்த ஆண்டே தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. "பயந்துட்டாங்க" என்று இன்றைக்கும் நாலு பேர் எழுதுகிறார்கள். பயந்தவர்களா நாலே வருஷத்தில் கோட்டையைப் பிடித்தார்கள்? பயந்தவர்களா 1969இல் மத்திய-மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழுவை அமைத்து, 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானத்தைச் சட்டசபையிலேயே நிறைவேற்றினார்கள்? பிரிவினையைத்தான் விட்டோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அண்ணா சொன்னதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

உள்ளே இருந்துகொண்டு நாம் வாங்கியதைப் பாருங்கள். சாதிவாரியாக இடம் ஒதுக்கிய வகுப்புவாரி அரசாணையை நீதிமன்றம் ரத்து செய்தபோது சென்னை மாநிலம் கொந்தளித்தது. 1951இல் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தில், பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு தரலாம் என்கிற 15(4) வந்தது அதனால்தான். இன்றைக்குப் பீகாரில் ஒரு பிற்படுத்தப்பட்ட வீட்டுப் பிள்ளை இடஒதுக்கீட்டில் கல்லூரிக்குள் போகிறது என்றால் அதில் நம் தெருக்களின் கூச்சலும் இருக்கிறது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் இல்லாவிட்டால், ஆங்கிலமும் தொடரும் என்கிற 1967 ஆட்சிமொழித் திருத்தம் ஏது? சுதந்திர தினத்தன்று எல்லா மாநிலத்திலும் முதலமைச்சர் கொடியேற்றுகிறாரே, அதுவும் கலைஞர் கேட்டு 1974இல் வாங்கியது. அதற்கு முன்னால் ஆளுநர்தான் ஏற்றுவார். குஜராத் முதலமைச்சரும் உத்தரப் பிரதேச முதலமைச்சரும் அந்தக் கயிற்றைப் பிடிக்கிறார்கள் என்றால் அது நாம் வாங்கிக் கொடுத்தது. சேர்ந்து கட்டிய வீட்டில் பாகம் சரியில்லை என்றால் பஞ்சாயத்து வைப்போமா, மூட்டையைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்குவோமா?

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இதுவரை இங்கே எழுதியதில்லை.

எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு கிடையாது. அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்ட். லீவில் வரும்போது காட்பாடி ஸ்டேஷனிலிருந்து கறுப்பு ட்ரங்குப் பெட்டி தலைச்சுமையாக வரும். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பரும் பேரும். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது அந்த ரெஜிமெண்டின் போர் முழக்கம். பனியில் நின்று அதைத் தமிழில் முழங்கிய மனுஷன். இந்தி சரளமாகப் பேசுவார். ஓட்டு மட்டும் கடைசி வரைக்கும் உதயசூரியனுக்குத்தான். இதில் எதுவும் எதற்கும் முரணாக அவருக்குப் பட்டதே இல்லை.

அவர் போன பிறகு, குடும்ப ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க அம்மாவை வங்கிக்குக் கூட்டிப் போனேன். கவுண்டரில் இருந்த பையனுக்குத் தமிழ் தெரியாது. அதற்காக அவனைத் திட்ட மாட்டேன், பிழைக்க வந்தவன். மிஷினில் அம்மாவின் ரேகை பதியவில்லை. விறகு ஒடித்து, பாத்திரம் தேய்த்து, ரேகை அழிந்துபோன விரல். முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். "வேற விரல் வைக்கட்டுமாப்பா?" என்று தமிழில் கேட்டார். அவன் எரிச்சலாகி, பக்கத்து சீட்டுக்காரரிடம் திரும்பி, இந்தியாவில் இருந்துகொண்டு இந்தி தெரியாதாம் என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். அம்மாவுக்கு அது புரிந்தது. அப்பாவோடு குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தியவர், வாயில் வராது, காதில் விழுந்தால் புரியும். ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் விரலைத் துடைத்தார்.

அந்த இடத்தில் என் அம்மா என்ன சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள்? "நான் தனிநாடு போறேன்" என்றா? இந்த நாட்டு எல்லையில் வாலிபத்தைத் தொலைத்தவரின் மனைவி அவர். இது என் வங்கி, என் பாஷையில் பேச ஒரு ஆள் வை என்று கேட்கிற உரிமை முழுக்க முழுக்க அவருடையது. போக வேண்டியவர் அவர் இல்லை.

இனி, "ஈழத்தில் தனிநாடு கேட்டா ஆதரிச்சே, இங்க கேட்டா மட்டும் தப்பா?" என்று இன்பாக்ஸில் வரப்போகிறவர்களுக்கு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1957இல் தமிழர் தலைவர் செல்வநாயகம் இலங்கைப் பிரதமரோடு ஒப்பந்தம் போட்டார், கிழித்தார்கள். 1965இல் மறுபடியும் போட்டார், அதுவும் காற்றில் போனது. அத்தனையும் தோற்ற பிறகுதான் 1976இல் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். பிறகு 81இல் யாழ் நூலகம் எரிந்தது, 83 ஜூலையில் தமிழர் படுகொலை வந்தது. அங்கே வாசல் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டது. நாம் 1952 முதல் நம் ஆட்சியை நாமே தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அங்கே செத்தவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. கல்லூரியில் என்னோடு படித்தவன் ஒருவன் அகதி முகாமிலிருந்து வந்தான். இதே மண்ணில் பிறந்தவன், ஆனால் அவனுக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கிடையாது. நாடு இல்லாமல் இருப்பது என்னவென்று அவனிடம் கேளுங்கள், லேப்டாப்பில் வரைபடம் வரைகிறவர்களிடம் கேட்காதீர்கள்.

"ஸ்காட்லாந்தில் 2014இல் ஓட்டெடுப்பு நடத்தலையா?" நடத்தினார்கள், லண்டன் சம்மதித்தது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2017இல் மாட்ரிட் சம்மதிக்கவில்லை. ஓட்டுப் போட வந்தவர்களுக்குத் தடியடி, தலைவர்களுக்கு 9 முதல் 13 வருஷம் வரை சிறை. டெல்லி இதில் யார் மாதிரி நடக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

"நம்ம வரியை நாமே வச்சுக்கலாம்." சரி, காவிரி? 2018இல் உச்ச நீதிமன்றம் நமக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் என்றது. அதற்கே கர்நாடகத்தோடு வருஷா வருஷம் மல்லுக்கட்டுகிறோம். நாளைக்குக் கர்நாடகம் வெளிநாடு ஆகிவிட்டால் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது? முல்லைப் பெரியாறு அணை நிற்பதே கேரள மண்ணில். தஞ்சாவூர் விவசாயியிடமும் தேனி விவசாயியிடமும் கேட்டுவிட்டா கத்தினான் தம்பி?

அநியாயம் நடக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் 2,152 கோடியை நிறுத்தி வைத்தார்கள். பிள்ளைகளின் காசு! ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தச் சொன்னார்கள், கட்டுப்படுத்தினோம், இப்போது அதையே காட்டித் தொகுதி மறுவரையறையில் நம் எடையைக் குறைக்கப் பார்க்கிறார்கள். ஆளுநர் நிறுத்தி வைத்த 10 மசோதாக்களுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனோம். 2025 ஏப்ரலில் ஜெயித்தோம். நவம்பரில் ஆளுநருக்கு நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது என்று அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆத்திரம் வரத்தான் செய்யும். எனக்கும் வருகிறது.

ஆனால் 2025 மார்ச்சில் மறுவரையறைக்காகச் சென்னையில் கூட்டம் போட்டபோது கேரள முதலமைச்சர் வந்தார், தெலங்கானா முதலமைச்சர் வந்தார், அவ்வளவு தூரத்திலிருந்து பஞ்சாப் முதலமைச்சர் வந்தார். இவர்களெல்லாம் நம் கூட வந்து உட்கார்ந்தது நியாயமான பங்கு கேட்டோம் என்பதற்காக. பிரிந்துபோகப் போகிறோம் என்று சொல்லியிருந்தால் ஒருத்தராவது வந்திருப்பாரா? தனியாகப் போவோம் என்று கத்துவது, கூட நிற்க வந்தவர்களையும் விரட்டி அடிக்கிற வேலை. சீண்டியவருக்கு வேண்டியதும் அதுதான். அவர் முகத்தில் அந்த நேரத்தில் வந்த சிரிப்பைப் பாருங்கள். நிதி எங்கே என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. தேசபக்தி இருக்கிறதா என்று நம்மிடம் கேட்க அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

அவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பங்கு கேட்கும்போதெல்லாம் "பிரிவினைவாதி" என்கிறீர்களே, யாரைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? என் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் என் அப்பாவின் மெடல்கள் இருக்கின்றன. என்னைப் பார்த்து "பாகிஸ்தானுக்குப் போ" என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

தம்பி, நீ இதைப் படித்தால், அடுத்த விவாதத்துக்கு அதே கணக்கோடு வா. அவர் எவ்வளவு சீண்டினாலும் 2,152 கோடி எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டே இரு.

கமெண்ட்டில் என்னோடு சண்டை போடலாம், பதில் சொல்வேன். அம்மாவைப் பற்றி எழுதியதை வைத்து மீம் போட்டால், எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் பிளாக்தான்.