நாலும் இஸ்பேட் வந்தால் யோகமா?

ஓமஹா போக்கர் பற்றி வாட்ஸ்ஆப்பில் சுற்றும் ஒரு குறிப்பு: "கையில் நாலு சீட்டும் ஒரே ஜாதியா? கண்ணை மூடிக்கொண்டு பந்தயத்தை ஏற்று." தவறு. உண்மை இதற்கு நேரெதிர்.

ஓமஹாவில் ஒவ்வொருவர் கையிலும் நாலு சீட்டு, எல்லாருக்கும் பொதுவாக மேசையில் ஐந்து. கையிலிருந்து சரியாக இரண்டு சீட்டு, மேசையிலிருந்து மூன்று என்று ஐந்தைச் சேர்க்கவேண்டும், அதுதான் விதி. ஐந்தும் ஒரே ஜாதி என்றால் அது ஃபிளஷ். நாலு இஸ்பேட் வைத்திருந்தாலும் இரண்டுக்குத்தான் வேலை. மற்ற இரண்டும் மேசைக்கு வரவேண்டியவை. அவற்றை நீங்களே முடக்கி வைத்திருக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். கையில் இரண்டு இஸ்பேட் என்றால், பார்க்காத 48 சீட்டில் 11 இஸ்பேட். ஐந்து சீட்டும் விழுந்து முடிவதற்குள் ஃபிளஷ் அமைய சுமார் 7.2 சதவீத வாய்ப்பு. மூன்று இஸ்பேட் என்றால் 5.4. நாலும் இஸ்பேட் என்றால் வெறும் 3.9!

அப்போ எது நல்லது? இரண்டு இஸ்பேட், இரண்டு ஆட்டின் என்று ஜோடி ஜோடியாக வருவது. வாய்ப்பு 14.3 சதவீதம். இரண்டு ஏஸ், இரண்டு கிங் இப்படி அமைந்த கையைத்தான் பலர் முதலிடத்தில் வைக்கிறார்கள்.

அதற்காக ஜாதி சேர்ந்தாலே போதும் என்றும் இல்லை. 9, 4 வைத்து அடிக்கும் ஃபிளஷை ஏஸ் உள்ளவர் சுலபமாகத் தூக்கிவிடுவார். எல்லார் கையிலும் நாலு சீட்டு இருக்கும் ஆட்டத்தில் அது அடிக்கடி நடக்கும்.

அப்புறம், மேசையில் நாலு இஸ்பேட் கிடக்க, கையில் இஸ்பேட் ஏஸ் மட்டும் இருந்தால்? டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் கையிலிருந்து ஒரே சீட்டைப் பயன்படுத்தினாலும் போதும், அதனால் அங்கே அது ஃபிளஷ். ஓமஹாவில் இல்லை.