மேடையில் கதை சொல்ல வைப்பதற்கு முன்

தெற்கு சூடானின் முன்னாள் சிறார் போராளி, ராப் பாடகர் இமானுவேல் ஜால் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, பிரிட்டிஷ் உதவிப் பணியாளர் எம்மா மெக்யூன் அவரைக் கென்யாவின் நைரோபிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியதோடு நின்றுவிட்டது. 2005இல் வந்த 'சீஸ்ஃபயர்' (போர்நிறுத்தம்) இசைத் தொகுப்பை விட்டுவிட்டு அவருடைய சமாதானப் பணியைப் பேச முடியாது. தெற்குக் கிறிஸ்தவரான ஜாலோடு அதில் சேர்ந்தவர், சூடானின் வடக்கே கொர்டோஃபான் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் பாடகரும் ஊத் என்ற அரபு நரம்பிசைக் கருவிக் கலைஞருமான அப்தெல் காதிர் சாலிம். ஒரே தொகுப்பில் ஊதும் ராப்பும், வடக்கின் அரபி மொழியும் தெற்கின் நூவர் மொழியும். சூடானின் வடக்கு-தெற்கு உள்நாட்டுப் போரை முடித்த சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே ஆண்டு ஜனவரி 9இல்தான். சமாதானம் வேண்டும் என்று பாடுவதைவிட, எதிர்த்தரப்புக்காரரோடு உட்கார்ந்து இசையமைப்பது எவ்வளவோ கடினம்!

இதைப் பார்த்து முன்னாள் சிறார் போராளிகளுக்கு இசைப் பட்டறை நடத்த விரும்புகிறவர்களுக்கு: முதல் நாளே "உன் போர்க் கதையைச் சொல்" என்று கேட்காதீர்கள். தாளம், கூட்டுப்பாடல் என்று தொடங்குங்கள். சொல்வதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவுசெய்யட்டும். முகமும் ஊர்ப்பெயரும் காணொளியில் வந்தால் பழிவாங்கலும் ஒதுக்கிவைப்பும் தேடி வரும். பெண் பிள்ளைகளைத் தனியாகத் தேடிப் போங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, துப்பாக்கியை ஒப்படைத்தவர்களுக்கே முன்னுரிமை என்றதில், சமையலுக்கும் சுமை தூக்கவும் பாலியல் அடிமைகளாகவும் இழுத்துச் செல்லப்பட்ட சிறுமிகள் பலர் மறுவாழ்வுத் திட்டத்துக்கு வெளியே நின்றார்கள். பாட்டோடு பள்ளிச் சேர்க்கையோ கைத்தொழிலோ இல்லையென்றால், ஆயுதக் குழுக்கள் இந்தப் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்.