ஆமாங்க, பிபிடி போடுறவதான்

கல்லூரி மேடையில் ஒரு சிறப்பு விருந்தினர் பேசும் அந்த வீடியோவை இதுவரை 17 பேர் அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். எந்தக் கல்லூரி, எந்தச் சிறப்பு விருந்தினர் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கடைசி வருஷப் பெண் ஒருத்தி எழுந்து, “இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் பக்கம் போகலாமா சார்?” என்கிறாள். சார் சிரிக்கிறார். “பிபிடி போடுற வேலைம்மா அது. அதுக்கு இவ்ளோ பெரிய பேரு!” அரங்கமே கைதட்டுகிறது. அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே உட்காருகிறாள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் என்றால் பயிற்சிப் பாடங்களை வடிவமைப்பது. பிபிடி, அதாவது பவர்பாயிண்ட் ஸ்லைடு, போடுவது எங்கள் வேலை இல்லை சார். ஒருத்தர் தன் வேலையில் எங்கே தடுக்கி விழுகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

ஒரகடம் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கு. பெட்டியை ஸ்கேன் பண்ணாமலே ரேக்கில் ஏற்றிவிடுகிறார்கள், ஸ்டாக் கணக்கு உதைக்கிறது, ‘விழிப்புணர்வு’ வர ஒரு மணி நேரப் பயிற்சி மாட்யூல் (கம்ப்யூட்டரில் பார்க்கும் பாடம்) வேண்டும் என்றார் மேனேஜர். ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு நைட் ஷிப்டில் போய் நின்றேன். ஒரு பையன். தடித்த கையுறை. அதோடு ஸ்கேனர் பட்டனை அமுக்க முடியவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் கையுறையைப் பல்லால் கவ்வி இழுக்கிறான், ஸ்கேன் பண்ணுகிறான், திரும்ப மாட்டுகிறான். 20 பெட்டி வரை பொறுத்தான். அடுத்ததை அப்படியே ஏற்றிவிட்டான். நானாக இருந்தால் அஞ்சிலேயே விட்டிருப்பேன். அவனுக்கு எதற்கு விழிப்புணர்வு?

எங்கள் துறை முன்னோடி ராபர்ட் மேகர் ஒரு கேள்வி கேட்கச் சொல்வார்: செய்யாவிட்டால் உயிரே போகும் என்றால் இந்த ஆள் இதைச் செய்துவிடுவாரா? செய்துவிடுவார் என்றால் கோளாறு பயிற்சியில் இல்லை, வேறெங்கோ. கையுறையை மாற்றுங்கள், இல்லை ஸ்கேனரை மாற்றுங்கள் என்று ஒரே பக்கம் எழுதிக் கொடுத்தேன். பதில் மெயில்: “மாட்யூல் எப்போ வரும்?” (மாட்யூலும் செய்தேன். இஎம்ஐ இருக்கிறதே.)

“நாங்க பார்த்ததெல்லாம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு அமுக்குற கோர்ஸ்தானே” என்று வருவீர்கள். உண்மைதான். பயிற்சி பலன் தந்ததா என்று அளக்க டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் 1959லேயே நாலு படி சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாற்றம் தெரிகிறதா, நிறுவனத்துக்குப் பலன் உண்டா. நாம் முதல் படியிலேயே, ‘மதிய சாப்பாடு அருமை’ என்ற ஃபீட்பேக் ஃபாரத்தோடு கடையைச் சாத்திவிடுகிறோம். அதற்கு மேல் போகக் காசும் நேரமும் தராதது யார்? மேடையில் உட்கார்ந்து சிரிப்பவர்கள்தானே?

“ஏஐ வந்தாச்சே.” வந்தாச்சு. வாய்ஸ் ஓவர் கொடுத்துக்கொண்டிருந்த என் தோழிக்கு ஆறு மாதமாக வேலை இல்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்றைக்கு முடியாது. அந்தக் கையுறையை ஏஐ பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

விழுப்புரம் பக்கம் தனியார் பள்ளியில் 9,000 ரூபாய்க்கு அறிவியல் எடுத்தவள் நான். இந்த வேலைக்கு வந்த இன்டர்வியூவில், ஏடிஎம் பக்கமே போகாத ஒருவருக்குப் பணம் எடுக்கச் சொல்லிக்கொடு என்றார்கள். ‘கார்டைச் செருகவும்’ என்று ஜம்பமாக ஆரம்பித்தேன். “எந்தப் பக்கம் மேலே இருக்கணும்?” என்றார் எதிரே இருந்த அம்மா. அவ்வளவுதான், பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏழு வருஷம் பாடம் நடத்தியவள், எதிரே இருப்பவருக்கு என்ன தெரியாது என்று அதுவரை யோசித்ததே இல்லை. ஸ்டோரிலைன் மாதிரி பாடம் தயாரிக்கும் சாஃப்ட்வேரெல்லாம் ரெண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். இந்தக் கேள்வி கைக்கு வர எனக்கு வருஷங்கள் பிடித்தன.

இத்தனைக்கும் மாமியார் இன்றுவரை சொந்தக்காரர்களிடம் “கம்ப்யூட்டர்ல ஏதோ டீச்சர் வேலை” என்றுதான் சொல்கிறார். அவரிடம் கோபம் இல்லை. அவர் மைக் பிடித்து முந்நூறு பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

“காமெடிக்குச் சொன்னார், விடுங்கக்கா” என்று யாராவது கமெண்ட் போட்டால் பிளாக்தான்.

அந்தப் பெண்ணை யாருக்காவது தெரிந்தால் இன்பாக்ஸ் வரச் சொல்லுங்கள். ஏடிஎம் கேள்வியை அனுப்புகிறேன், எழுதிக் காட்டட்டும். சாருக்கு வேண்டாம். அவர் கேட்டால் பிபிடியாகப் போட்டுத் தருகிறேன்.