ஞாயிறு நடை ஏழு நாளுக்குத் தாங்குமா?

"ஞாயிறு காலை சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மூன்று மணி நேரம் நடந்தால் போதும், வாரம் முழுக்கச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி.

நடக்கும்போது தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கின்றன. நடந்து முடித்த பிறகும் கொஞ்ச காலம் இன்சுலினுக்கு நன்றாக இணங்குகின்றன. ஆனால் இந்தப் பலன் பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடும். ஞாயிறு நடந்தவருக்குப் புதன்கிழமை வாக்கில் கணக்கு தீர்ந்துவிடுகிறது. வியாழன் மதியம் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சாப்பிடும் பிரியாணிக்கு அது காவல் நிற்காது.

அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி என்பதோடு நிறுத்தாமல், அதைக் குறைந்தது 3 நாளுக்குப் பிரித்துக்கொள்ளவும், தொடர்ந்து 2 நாளுக்கு மேல் சும்மா இருக்காமல் பார்த்துக்கொள்ளவும் சொல்கிறது. மழையா? அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலேயே அரை மணி நேரம் சுற்றி வரலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஞாயிறு நடையையும் விட வேண்டாம், இதயத்துக்கு நல்லதுதான்.

அப்புறம், இன்சுலின் போடுபவர்களும் கிளிபிசைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் மூன்று மணி நேரம் நடந்தால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கலாம். பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும், மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.