தோடிக் காந்தாரமும் பச்சை விளக்கும்

நேற்று அக்கா மகள் தோடி ராகத்தில் ஒரு வர்ணம் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தாள். எதிரே போனில் சுருதி பார்க்கிற ஆப். சேர்ந்தால் பச்சை, விலகினால் சிவப்பு. காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், வரும்போதெல்லாம் சிவப்பு. "மாமா, எனக்குக் காந்தாரமே வரலையா?" என்று கேட்கும்போது பிள்ளைக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஷட்ஜம் (ச), பஞ்சமம் (ப) பிடித்துப் பழக அந்த ஆப் சரி. தோடிக்கு அதை யார் கொண்டுவந்தது? தோடிக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. கீழே உள்ள ரிஷபத்துக்கும் (ரி) மேலே உள்ள மத்திமத்துக்கும் (ம) நடுவே ஊஞ்சலாடும். அசைக்காமல் நிறுத்திப் பாருங்கள், பச்சை எரியும், தோடி போய்விடும். ஆப் நொடிக்கு நொடி அதிர்வை எண்ணுகிறது. தோடி கேட்டுப் பழகியவரோ அந்த ஆட்டம் முழுவதையும் 'க' என்று ஒரே ஸ்வரமாக வாங்கிக்கொள்கிறார். பழகாத காதுக்கு அது வெறும் நடுக்கம்.

சுருதி வெளியே இருக்கிறது, காது அதை அளக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போனில் சுருதிக்கு ஓடவிடுகிற தம்புராதான் அந்த நினைப்பைக் கெடுத்தது. நான் பாடுகிற சுருதி 1 கட்டை. என் ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கிற மந்தர ஷட்ஜம் அதில் பாதி, 65. போனின் குட்டி ஸ்பீக்கரால் 65ஐக் காதில் விழுகிற அளவுக்கு எழுப்ப முடியாது. ஆனாலும் மந்தரம் கேட்கிறதே! தந்தி 131, 196, 262, 327 என்று மடங்குகளிலும் அதிர்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வருவது மேலே உள்ளவை மட்டும். அவை 65, 65 ஆக ஏறுவதை வைத்து, வராத அடிஸ்வரத்தை மூளை தானே போட்டுக்கொள்கிறது.

1840களில் ஜெர்மனியில் ஜேபெக் என்பவர் சைரனை வைத்து இதைக் காட்டினார். ஓம் (ஆமாம், நாம் பள்ளியில் படித்த மின்தடை விதிக்காரர் அதே ஓம்) அது காதின் மயக்கம் என்று தள்ளிவிட்டார். 2005இல் மார்மோசெட் குரங்கின் மூளையில், அடிஸ்வரம் இல்லாதபோதும் அதே சுருதிக்குத் துடிக்கும் நரம்பணுக்களைக் கண்டுபிடித்தார்கள். மயக்கம் என்றால், நாம் கேட்கிற சங்கீதத்தில் பாதி மயக்கம்தான் சார்.

ஆப்பை மூடிவிட்டு தம்புராவை மட்டும் ஓடவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். ஓரிடத்தில் காந்தாரம் மத்திமத்தையும் தாண்டிப் போனது. சட்டென்று நிறுத்தி, "ஐயோ, ஏறிடுச்சு மாமா" என்று மறுபடி எடுத்தாள். சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை.

அடுத்த வாரம் அவள் பாட்டு வாத்தியாரைப் பார்க்கப் போகிறேன். அந்த ஆப்பைப் போடச் சொன்னதே அவர்தானாம்.