அடுக்களை காணலுக்கு என்ன கொண்டு போகலாம்?

எங்கள் குமரி மாவட்டத்தில் கல்யாணம் முடிந்த பிறகு அடுக்களை காணல் என்று ஒரு சடங்கு உண்டு. மற்ற மாவட்டத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பெண்ணின் சொந்தபந்தம் திரண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார்கள். பாத்திரம், பலகாரம், பழக்குலை எல்லாம் கூடவே போகும். அங்கே விருந்து நடக்கும். தங்கள் பெண் இனிமேல் புழங்கப் போகிற அடுக்களையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் முறை கொஞ்சம் மாறும்.

இப்போது நான் போகிற பல அடுக்களை காணல்களில் அடுக்களைக்குள் யாருமே நுழைவதில்லை. மண்டபத்திலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. வேனில் இருந்து அட்டைப்பெட்டிகள் இறங்குகின்றன, வரிசையாக வைத்து போட்டோ எடுக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். பெட்டிகள் அப்படியே பரணுக்குப் போகின்றன. என் சித்தி மகளுக்கு டின்னர் செட் மட்டும் மூன்று வந்தது. அவளும் அவள் வீட்டுக்காரரும் இரண்டு பேர்தான், வாடகை வீடு.

கொடுப்பவர்கள் எல்லாரும் ஆசையாகத்தான் கொடுக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீட்டில் சமைக்கப் போவது யார், எந்த அடுப்பில், எத்தனை பேருக்கு என்று யாரும் விசாரிப்பதில்லை. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் என்ன வாங்குவது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். பேர் போட்ட கப்பும் போட்டோ அச்சடித்த தலையணையும் தேடி அலையவே வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நான் பேசுவது மனமுவந்து கொடுப்பதைப் பற்றி மட்டும்தான். மாப்பிள்ளை வீட்டில் பட்டியல் போட்டுக் கேட்டு வாங்குவதற்குப் பரிசு என்று பெயர் இல்லை. அது வரதட்சணை. 1961-லேயே சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று. பெண்ணைப் பெற்றவர்கள் கடன் வாங்கி அடுக்களை காணல் நடத்துவதைப் பார்க்கும்போது எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

சரி, அடுப்பில் இருந்தே தொடங்குகிறேன். நம் பிள்ளைகள் பாதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அங்கே நிறைய வீடுகளில் கரண்டில் ஓடும் இண்டக்‌ஷன் அடுப்புதான். அதில் மண்சட்டி சூடாகாது. அலுமினியம், பித்தளை, வெண்கல உருளி எதுவும் சூடாகாது. எவர்சில்வரிலும் சிலதுதான் வேலை செய்யும். வாங்கும் முன் பிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய்ப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் வாங்கலாம், விழுந்தால் வேண்டாம். இரும்பு தோசைக்கல்லில் கண்டிப்பாக ஒட்டும். அதனால் ஊரை விட்டுப் போகிற பிள்ளைகளுக்கு அடி தட்டையான, கனமான இரும்புக் கல் நல்ல பரிசு என்பேன். அதையும் புதிதாக அப்படியே கொடுக்காமல் உங்கள் வீட்டில் ஒரு வாரம் போட்டு, எண்ணெய் தடவிச் சூடாக்கி, தோசை ஒட்டாமல் எடுக்க வருகிற பக்குவத்தில் கொடுத்துப் பாருங்கள். புதுக்கல்லோடு மல்லுக்கட்டி முதல் பத்து தோசையைப் பிய்த்து எடுக்கிற வேலை அந்தப் பிள்ளைக்கு மிச்சம்.

கேஸ் அடுப்போ விறகடுப்போ இருக்கிற வீடு என்றால் நான் மீன்சட்டியைத்தான் சொல்வேன், அதுவும் பழக்கிய சட்டி. கடையில் இருந்து வந்த சட்டியை முதலில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடணும். முதலில் போடும்போது ஓரமெல்லாம் குமிழ் குமிழாகக் கிளம்பும், மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் காதை வைத்தால் கேட்கும். அப்புறம் வடித்த கஞ்சியை ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்க விட்டு, ஆறிய பிறகு கழுவணும். இதை இரண்டு மூன்று தடவை செய்யணும். கடைசியில் தேங்காய் எண்ணெயை உள்ளும் புறமும் தடவி வெயிலில் காய வைக்கணும். உள்பக்கம் மெல்லக் கறுத்து, மண்வாசனை போன பிறகுதான் அதில் குழம்பு வைக்கலாம். ஒரு வாரத்து வேலை. வேலைக்குப் போகிற புதுப்பெண்ணுக்கு இதற்கெல்லாம் பொழுது ஏது? நீங்கள் செய்து கொடுத்தால் அவள் கையில் வாங்கிய அன்றைக்கே சாளைக் குழம்பு வைக்கலாம். சோப்புப் போட்டுத் தேய்க்காதே, கடலைமாவோ சாம்பலோ போதும் என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிடுங்கள். சோப்பையும் சட்டி குடித்துவிடும்.

பேர் போட்ட பரிசு என்றாலே இப்போது ஆன்லைனில்தான் தேடுகிறோம். நம் பாத்திரக்கடைகளில் "பேர் வெட்டணுமா?" என்று கேட்கிற பழக்கம் எத்தனை காலமாக இருக்கிறது! எவர்சில்வர் தூக்கின் கழுத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டித் தருவார்கள். எனக்கு அந்த எழுத்து ரொம்பப் பிடிக்கும். விசேஷ வீடுகளுக்கு இரவல் போன பாத்திரம் மாறிப் போகாமல் திரும்பி வருவதும் அதனால்தான். ஆனால் கொடுப்பவர் தன் பெயரை வெட்டிக் கொடுக்கிற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. "அன்பளிப்பு" என்று போட்டு மாமா பெயரும் இனிஷியலும் பெரிதாக இருக்கும். அந்தப் பாத்திரத்தில் ஐம்பது வருஷம் சமைக்கப் போகிறவளின் பெயர் எங்கேயும் இருக்காது. அவள் பெயரை வெட்டுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்றால் இரண்டு பெயரும் கல்யாணத் தேதியும் போதும்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. அநேகமாக எல்லா வீட்டுப் பரணிலும் ஆச்சி புழங்கிய பித்தளைப் போணியோ அண்டாவோ பச்சை பிடித்துக் கிடக்கிறது. அதை இறக்கித் தேய்த்து, உள்ளே ஈயம் பூசி, பேத்தி கையில் கொடுத்தால் அதற்கு ஈடாக எந்தக் கடையிலும் ஒன்றும் கிடையாது. ஈயம் பூசாத பித்தளையில் புளி சேர்ந்த எதையும் வைக்கக் கூடாது, உலோகம் புளிப்பில் கரைந்து சாப்பாட்டில் கலந்துவிடும். பூசுகிறவரிடம் வெள்ளீயம்தானா என்று கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் கலந்தால் விஷம். வெண்கல உருளிக்குப் பூச்சு தேவைப்படாது, அடைப்பிரதமன் பாயசத்துக்கு அதுபோல ஒன்று கிடையாது.

இனி நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த விஷயம். பிள்ளைகள் வளைகுடாவிலும் வெளியூரிலும் இருக்க, அப்பாவும் அம்மாவும் மட்டும் தனியாக இருக்கிற வீடுகள் நம் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. எட்டுப் பேருக்குச் சமைத்த பெரிய குக்கரில் அந்த அம்மா இப்போது அரை உழக்கு அரிசி போட்டுப் பொங்குகிறார். இட்லிக் கொப்பரையில் ஒரே ஒரு தட்டு மட்டும் வைக்கிறார். தூக்க முடியாத பாத்திரத்தைக் கழுவி, நிமிர்த்தி வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். அறுபதாம் கல்யாணத்துக்கு அந்த வீட்டுக்குப் பட்டும் வெள்ளி விளக்கும் போகிறது. இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று, சின்னச் சீனச்சட்டி ஒன்று, நாலு இட்லி மட்டும் அவிக்கிற பாத்திரம் ஒன்று வாங்கிக் கொடுக்க எவருக்கும் தோன்றுவதில்லை. தேங்காய் திருவுவதும் அப்படித்தான். நம் சாப்பாட்டில் தேங்காய் இல்லாத நாள் கிடையாது. முழங்கால் வலிக்கிற அம்மா தரையில் பலகை போட்டு உட்கார்ந்து திருவிவிட்டு, சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார். மேடையின் ஓரத்தில் திருகி மாட்டி, நின்றபடியே கைப்பிடியைச் சுற்றித் திருவுகிற ஒன்று எல்லாப் பாத்திரக்கடையிலும் கிடைக்கிறது. மேடையில் அதன் பிடி பிடிக்கும் அளவுக்கு விளிம்பு நீண்டிருக்கிறதா என்று மட்டும் முன்னமே பார்த்துக்கொள்ளுங்கள். அறுபதாம் கல்யாணத்துக்குப் பகட்டாகவும் ஏதாவது வேண்டும் என்கிறீர்களா? தோவாளையில் சொல்லி மாணிக்கமாலை கட்டி வாங்குங்கள். அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, ரத்தினம் பதித்தது மாதிரிக் கட்டுகிற மாலை. 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஒரு நாள் மாலைதான். கட்டுகிற கைகளுக்கும் நாம் செய்கிற மரியாதை அது.

மொத்தக் குடும்பத்துக்கும் ஒன்று கொடுக்க நினைத்தால் அம்மாவின் சமையலை எழுதி வைத்த நோட்டுக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுதுவது லேசான வேலை இல்லை. "புளி எவ்வளவு?" என்று கேட்டால் "பாத்துப் போடு மக்ளே" என்பதுதான் பதிலாக வரும். அதனால் வாயால் கேட்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். அவர் கையில் எடுத்ததைச் சட்டியில் போடும் முன் ஒரு கிண்ணத்தில் வாங்கி அளந்துகொள்ளுங்கள். எந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறாரோ அந்த டம்ளர்தான் அளவு. எந்த மீனுக்கு எது என்பதையும் எழுதணும். நெத்திலி அவியலுக்கு மாங்காய் கிடைக்காத மாசத்தில் என்ன போடுவார், வாளைக்கு மிளகு கூட்டுவாரா குறைப்பாரா, ஓணத்துக்கு வைக்கிற இஞ்சிக்கறியில் கருப்பட்டி எப்போது விழும். முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறை எவ்வளவு நேரம் வறுக்கணும், பாகு எந்தப் பதத்தில் இறக்கணும் என்பதெல்லாம் போனால் திரும்பக் கிடைக்காத விவரங்கள். எழுதி முடித்ததும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாருக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள். நடுவில் ஒரு பக்கமாவது அம்மாவின் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குத் தேன் பாட்டில் கொண்டு போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். மார்த்தாண்டம் தேன் நம் ஊர்ப் பெருமைதான், ரப்பர் மரம் துளிர்க்கிற தை, மாசி மாதங்களில் அந்தப் பக்கம் போனால் தேன்பெட்டிகளைத் தோட்டம் தோட்டமாகப் பார்க்கலாம். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிஞ்சுக் குடலில் பெருகி நரம்பைப் பாதிக்கும். ஆறு மாதம் தாண்டிய பிள்ளை என்றால் மட்டிப்பழம் ஒரு சீப்பு கொண்டு போங்கள். மசித்துக் கொடுக்க அதைவிடப் பதமான பழம் இல்லை. இல்லையென்றால் ஏத்தங்காயை (நேந்திரங்காயை) அரிந்து காய வைத்துப் பொடித்த மாவு. தாய்க்காரிக்கு வேறு ஏதாவது கொடுங்கள். என்னைக் கேட்டால் அவளுக்கு ஒரு வாரம் சூடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பரிசு. தூக்கைத் திருப்பித் தர அவசரமில்லை என்றும் சொல்லிவிடுங்கள்.

தூரத்தில் இருக்கிற, சமைக்கப் பிடித்த ஆட்களுக்கு நான் அனுப்புவது மசாலாப் பொட்டலம். நம் மலையில் விளைகிற நல்லமிளகு, கிராம்பு, ஏலம். மாறாமலைப் பக்கத்து எஸ்டேட்டுகளில் மொட்டு விரியும் முன் கையால் பறித்து வெயிலில் காய வைக்கிற கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்கும்போது ஒரு கிராம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய் கசிந்தால் நல்ல சரக்கு. காய்ந்து சக்கையாக இருந்தால் எண்ணெயை வடித்துவிட்டு விற்பதாக இருக்கலாம். கூடவே வீட்டில் திரித்த மீன் மசாலா கால் கிலோ போதும். மொத்தமாக அனுப்பினால் வாசம் போய்விடும்.

சொந்த மனை இருக்கிற ஜோடிக்கு ஒரு செங்கவருக்கை ஒட்டு மாங்கன்று கொடுக்கலாம். மாடி வீட்டு வாடகைக்காரர்களுக்குக் கன்று கொடுத்துச் சிரமப்படுத்த வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்த வீட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத கல்யாணங்களுக்கும் நாம் போகத்தான் போகிறோம். அங்கே சுருள் வைப்பதே, அதாவது மொய்ப்பணம் கொடுப்பதே நல்லது. பணத்தைக் கவரில் வைத்துக் கொடுப்பது ஒட்டாத பரிசு என்று சிலர் நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. முதல் மாத வாடகைக்கும் கேஸ் கனெக்‌ஷனுக்கும் பணம்தான் வேண்டும். ஆசை இருந்தால் அந்தக் கவருக்குள் ஒரு சின்னத் தாளில் உங்கள் கைச்சமையல் ஒன்றை எழுதி வையுங்கள். என் கல்யாணத்துக்கு என் மைனி (அண்ணி) அப்படி, சின்ன வெங்காயம் போட்டு வைக்கிற உள்ளித் தீயல் குழம்பை எழுதி வைத்திருந்தார். தேங்காயையும் உள்ளியையும் எது வரைக்கும் வறுக்கணும் என்கிற இடத்தில்தான் எல்லாருக்கும் தீயல் தப்பும். அந்த வரிக்குக் கீழே அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்: "கருப்பட்டி நிறம் வந்ததும் அடுப்பை அணை. சட்டிச் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் கறுக்கும். அதுக்கு மேலே விட்டா கசந்துரும்."