"தப்பு" என்று சொன்னால் போதுமா?

503-லிருந்து 267-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 364 என்று எழுதும், இன்னொரு பிள்ளை 336 என்று எழுதும். சரியான விடை 236. இரண்டுக்கும் பெருக்கல் குறி போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் இருவருக்கும் நாம் எதுவுமே சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

364 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் எது பெரிய இலக்கமோ அதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. 7-ல் 3 போக 4, 6-ல் 0 போக 6. அதற்கு இடமதிப்பையே மறுபடி தொடங்க வேண்டும். 336 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் இருக்கும் 0-வை 9 ஆக்கியது, நூறுகள் இடத்து 5-ஐ 4 ஆக்கவில்லை. "இந்த 9 எங்கிருந்து வந்தது?" என்ற ஒரே கேள்வி அதற்குப் போதும். பிறகு உதவியில்லாமல் 702 − 348 கொடுங்கள். 454 வந்தால் பழுது இன்னும் அங்கேயே இருக்கிறது. 354 வந்தால் சரியாகிவிட்டது.

சொல்லிக்கொடுக்க மனிதர் நல்லதா, கணினி நல்லதா என்று நாம் சண்டை போடுவதை விட்டுவிட்டு இதைத்தான் கேட்க வேண்டும்: பின்னூட்டம் கடைசி விடைக்கு மட்டுமா, கணக்கின் ஒவ்வொரு படிக்குமா? தனி ஆசிரியர் இருந்தால் மாணவர் 2 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதற்கான அளவு) உயர்வார் என்று 1984-ல் கல்வி ஆய்வாளர் புளூம் எழுதியதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2011-ல் வான்லேன் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அதே அளவில், மனித ஆசிரியரின் பலன் 0.79, ஒவ்வொரு படியையும் சரிபார்க்கும் மென்பொருளின் பலன் 0.76. விடையை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்குச் சுமார் 0.3தான். பெரிய இடைவெளி அங்கேதான் இருக்கிறது.

நல்ல ஆசிரியர் "தப்பு" என்ற சொல்லையே அதிகம் எடுப்பதில்லை. "அந்த வரியை இன்னொரு தடவை பாரு" என்பார், காத்திருப்பார். முகத்தைப் பார்த்தே குழப்பமா சோர்வா என்று கண்டுகொள்வார். ஆனால் பலர் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் விடையைச் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா?" என்கிறார்கள். பிள்ளையும் தலையாட்டும். அந்தத் தலையாட்டலை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். அடுத்த கணக்கைப் போடட்டும், தெரிந்துவிடும்.

கணினிக்கு அந்த அவசரம் கிடையாது. முதலில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று காட்டும், அடுத்து விதியை நினைவூட்டும், கடைசியாக என்ன எழுத வேண்டும் என்றே சொல்லிவிடும். பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். குறிப்புப் பட்டனை மளமளவென்று அழுத்திக் கடைசிக் குறிப்புக்குப் போய், அதைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குத் தாவிவிடுவார்கள். குறிப்புகளுக்கு இடையே சில நொடி தாமதம் வைத்தால் கொஞ்சம் குறையும். கடைசிக் குறிப்பைப் பார்த்த பிள்ளைக்கு அதே வகையில் இன்னொரு கணக்கைக் கட்டாயம் கொடுப்பது இன்னும் நல்லது.

பாராட்டிலும் கவனம் வேண்டும். "நீ புத்திசாலி" என்பதில் அடுத்து என்ன செய்வது என்ற தகவலே இல்லை. பின்னூட்டம் எப்போதும் நன்மைதான் என்பதும் உண்மையல்ல. 1996-ல் குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் தொகுத்த முடிவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், பின்னூட்டம் கொடுத்த பிறகு செயல்திறன் குறைந்தே போயிருந்தது. கவனம் வேலையை விட்டுத் தன்னைப் பற்றியதாகத் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம்.

பிள்ளைக்கு ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும் முன் நீங்களே உட்கார்ந்து 2(x + 3) = 14 என்ற சமன்பாட்டின் அடுத்த வரியை வேண்டுமென்றே 2x + 3 = 14 என்று எழுதிப் பாருங்கள். 3-ஐயும் 2-ஆல் பெருக்க வேண்டுமே என்று அந்த வரியிலேயே நிறுத்துகிறதா, கடைசி விடை வரும்வரை சும்மா இருக்கிறதா, அல்லது "அருமை!" என்கிறதா? உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் இதே மாதிரி சோதியுங்கள். அவை தப்பான வரியையும் சரளமாக ஆமோதித்துவிடக்கூடும்.